கத்தரிக்கோல் ஒன்றுதான், 'சிசர்ஸ் ஆர்' எப்படி?

வணக்கம். 'தி சிசர்ஸ் இஸ் ஆன் தி டேபிள்' என்று எழுதியதை மேலாளர் 'ஆர்' என்று திருத்திவிட்டார், ஒரே கத்தரிக்கோல்தானே என்று கேட்டிருந்தீர்கள். மேலாளர் திருத்தியது சரிதான்.

கத்தரிக்கோல், குறடு, சாமணம், இடுக்கி எல்லாம் நமக்கு ஒருமை. ஆங்கிலமோ ஒன்றோடொன்று இணைந்த இரண்டு அலகுகளைப் பார்க்கிறது. அதனால் சிசர்ஸ், பிளையர்ஸ், ட்வீசர்ஸ், டாங்ஸ் எல்லாம் எப்போதும் பன்மை. கையில் ஒன்றே இருந்தாலும் 'தீஸ் பிளையர்ஸ் ஆர் ரஸ்ட்டி'தான். பேண்ட், மூக்குக்கண்ணாடி கதையும் இதேதான்.

சிக்கல் எண்ணும்போதுதான் வரும். 'த்ரீ பிளையர்ஸ்' என்று பட்டியலில் போடாதீர்கள், 'த்ரீ பேர்ஸ் ஆஃப் பிளையர்ஸ்' என்று எழுதுங்கள். ஒன்று என்றால் 'எ பேர் ஆஃப் பிளையர்ஸ்'. இங்கே வினை 'பேர்' பின்னால் போய் ஒருமையாகிவிடும்: 'எ பேர் ஆஃப் பிளையர்ஸ் இஸ் மிஸ்ஸிங்'. 'பேர்' என்றதும் இரண்டு குறடு என்று எண்ணி ஸ்டாக்கில் ஏற்றிவிடாதீர்கள், நான் ஒருமுறை அப்படி ஏற்றி வாங்கிக் கட்டிக்கொண்டேன்!

இன்னொரு பெயருக்கு முன்னால் வந்தால் சில சமயம் கடைசி 'ஸ்' உதிரும்: 'சிசர் லிஃப்ட்' (குறுக்குச் சட்டங்கள் விரிந்து உயரும் மேடை). பேச்சில் 'எ சிசர்ஸ்' என்று சொல்கிறவர்களும் உண்டு. அலுவலக எழுத்தில் வேண்டாம்.

இரண்டு அலகு இருந்தாலே பன்மை என்றும் நம்பிவிடாதீர்கள். ஸ்டேப்லருக்கும் இரண்டு தாடை உண்டு, அது சாதுவாக ஒருமையில்தான் நிற்கிறது. ரெஞ்ச்சும் அப்படியே.