வாசிக்க விடுங்கள்

வாசகர் கேள்விகளுக்கு, முதல் சிறுகதைத் தொகுப்பை வெளியிட்டிருக்கும் பவானி எழுத்தாளர் ஒருவரின் பதில்கள்

முதன்முதலாகப் பலர் முன்னிலையில் உங்கள் கதையை வாசித்தது எங்கே? அந்த அனுபவத்தைச் சொல்லுங்கள்.
*— வாசகி, பெருந்துறை*

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில், வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில். ஞாயிற்றுக்கிழமை காலை. பதினான்கு பேர் வந்திருந்தார்கள். மைக் கிடையாது. நாளிதழ் படிக்கும் நீண்ட மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தோம்.

நான் நூல் கடையில் கணக்கு எழுதுகிறவள். பாவு நூல் என்ன விலை, ஊடை நூல் என்ன விலை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தவள் அல்ல. அன்று நான் வாசித்தது ஒரு ஜமக்காள நெசவாளியின் மனைவியைப் பற்றிய கதை. கணவன் இறந்து பதினாறாம் நாள் முடிந்த இரவு, அவன் பாதியில் விட்டுப்போன அகல ஜமக்காளத்தை அவள் தனியாக உட்கார்ந்து நெய்து முடிக்கிறாள். அதுதான் கதையின் கடைசிக் காட்சி. ஏற்கெனவே இதழில் வெளிவந்த கதை. நண்பர்கள் நான்கு பேர் படித்துப் பாராட்டியும் இருந்தார்கள்.

வாசித்து முடித்ததும் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மேசையின் கோடியில் இருந்த பெரியவர் ஒருவர், “அம்மிணி, அந்த அகலத்துக்கு ஒரு ஆள் எப்படி நெய்ய முடியும்?” என்று கேட்டார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தறியில் இருந்தவர். அகல ஜமக்காளத்துக்குத் தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். குறுக்கே ஓடும் ஊடை நூலை ஏற்றிய நாடாக் கட்டையை ஒருவர் தள்ள, மற்றவர் வாங்கித் திருப்பித் தள்ள வேண்டும். எனக்குத் தெரியாத செய்தி அல்ல. பவானியில் பிறந்த யாருக்கும் தெரியும். எழுதும்போது அந்தப் பெண்ணின் துயரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கை எங்கே போகிறது, நாடா எங்கே போகிறது என்று பார்க்கவில்லை.

அவர் அதோடு நிற்கவில்லை. “பக்கத்து இடம் காலியாக இருக்குமே, அங்கே யார் உட்கார்ந்தது?” என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கதை முழுவதும் அந்தக் காலி இடத்தில்தான் இருந்தது. அதைப் பார்க்காமலே எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன். தொகுப்பில் நீங்கள் படிப்பது திருத்திய வடிவம். அதில் பள்ளிக்கூடம் போகும் மகள் ஒரு சொல்லும் பேசாமல் வந்து அப்பாவின் இடத்தில் உட்காருகிறாள்.

அந்தப் பெரியவர் கண் மங்கியவர். அச்சில் வந்த என் கதையை அவர் படித்திருக்கவே முடியாது. நான் வாய்விட்டுப் படித்ததால்தான் அந்தக் கதை அவரிடம் போய்ச் சேர்ந்தது.

மேடையில் கை நடுங்குகிறது, குரல் கம்முகிறது. என்ன செய்யலாம்?
*— கல்லூரி மாணவர், சத்தியமங்கலம்*

குறளில் 73ஆம் அதிகாரம் அவையஞ்சாமை. ஆனால் அதற்கு முன்னால் 72ஆவதாக இருப்பது அவையறிதல். அந்த வரிசையை நான் மிகவும் நம்புகிறேன். அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். வருகிறவர்களோடு இரண்டு வார்த்தை பேசுங்கள். யார் எந்த ஊர், என்ன வேலை என்று தெரிந்துகொண்டால் எதிரில் இருப்பது கூட்டமாகத் தெரியாது, ஆட்களாகத் தெரியும். தாளை வெறும் கையில் பிடிக்காமல் அட்டையில் வைத்துப் பிடித்தால் நடுக்கம் வெளியே தெரியாது. பெரிய எழுத்தில் அச்சடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருமுறை கடிகாரம் வைத்து வாசித்துப் பாருங்கள். எட்டு நிமிடம் என்று நினைத்தது எனக்குப் பதினேழு நிமிடம் ஆனது.

உங்கள் நூல் வெளியீட்டு விழாவுக்கு வந்திருந்தேன். எல்லோரும் நன்றாகப் பேசினார்கள். நீங்கள் ஏன் கடைசியில் வருத்தமாக இருந்தீர்கள்?
*— வாசகர், ஈரோடு*

கவனித்திருக்கிறீர்கள், நன்றி. வந்து பேசிய ஒவ்வொருவரிடமும் எனக்கு அன்பு உண்டு. சிலர் வெகு தொலைவிலிருந்து சொந்தச் செலவில் வந்தார்கள். ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

வரவேற்புரை, தலைமையுரை, வெளியீடு, முதல் பிரதி பெறுதல், வாழ்த்துரை நான்கு, மதிப்புரை இரண்டு, நடுவில் பொன்னாடைகள். இரண்டரை மணி நேரம். ஏற்புரைக்கு என்னை அழைத்தபோது, மண்டபத்தைப் பூட்ட வேண்டியவர் கதவருகே வந்து நின்றுவிட்டார். நான்கு நிமிடத்தில் நன்றி சொல்லி இறங்கினேன். அன்று மாலை அங்கே என் கதையிலிருந்து ஒரு வாக்கியம்கூட யார் காதிலும் விழவில்லை. ஏழெட்டு வருடம் இரவு இரவாக உட்கார்ந்து எழுதியது அந்த வாக்கியங்களைத்தான்.

அரங்கேற்றம் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. நூலை அவையில் படித்துக் காட்டி, கேட்டவர்களின் ஒப்புதல் பெறுவது என்று அதற்குப் பொருள். கம்பர் தம் காவியத்தைத் திருவரங்கத்தில் அரங்கேற்றினார் என்பது மரபு. தாயார் சந்நிதி அருகே அந்த மண்டபத்தை இன்றும் காட்டுகிறார்கள். அங்கே போயிருந்தபோது வெகுநேரம் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பாடலை வாயால் சொல்லி, காதால் கேட்டு ஏற்றுக்கொண்ட மொழி இது. இதில் ஒரு நூல் பிறக்கும் நாளில் அந்த நூலுக்கு மட்டும் பேச இடமில்லாமல் போவது எனக்குத் தாங்கவில்லை.

கூட்டம் ஏற்பாடு செய்கிற அன்பர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். எழுதியவரை முதலில் கூப்பிடுங்கள். பத்து நிமிடம் வாசிக்க விடுங்கள். பிறகு யார் வேண்டுமானாலும் பேசட்டும். அப்போது பேச்சும் வேறு மாதிரி இருக்கும். சபையோர் அப்போதுதான் கேட்ட வரியை வைத்துக்கொண்டு யாரும் பொதுவாகப் பாராட்டிவிட்டுப் போக முடியாது.

அன்று எத்தனை பிரதிகள் விற்றன?
*— அதே வாசகர்*

11.

எங்கள் ஊரில் கூட்டம் போட்டால் பத்துப் பேர் வருவதே கடினம். புத்தகத் திருவிழா மேடைகளில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். சிறிய கூட்டங்களால் என்ன பயன்?
*— வாசகர், கோபிசெட்டிபாளையம்*

ஈரோடு புத்தகத் திருவிழாவின் மாலைப் பேச்சுகளை நானும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவள்தான். அந்தத் திரளைப் பார்க்கும்போது நெஞ்சு நிறையும். ஆனால் பேச்சு ஒரு கலை, வாசிப்பு வேறொரு கலை. ஆயிரம் பேர் முன்னால் ‘பக்கத்து இடத்தில் யார் உட்கார்ந்தது’ என்று அந்தப் பெரியவர் எழுந்து கேட்டிருப்பாரா?

நம் மாவட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. 1921ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் பாரதியார் ஈரோடு கருங்கல்பாளையத்துக்கு வந்து, அங்கிருந்த வாசகசாலையின் விழாவில் ‘மனிதனுக்கு மரணமில்லை’ என்ற பொருளில் பேசினார். அந்தப் பயணத்தைச் சுதேசமித்திரனில் எழுதவும் செய்தார். செப்டம்பரில் அவர் இல்லை. அவ்வளவு பெரிய கவி, உடல் தளர்ந்திருந்த நாட்களில், ஒரு ஊர் வாசகசாலை அழைத்தது என்று புறப்பட்டு வந்திருக்கிறார். கருங்கல்பாளையம் வழியாக பஸ் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

இலக்கியக் கூட்டங்களுக்குப் பெண்கள் அதிகம் வருவதில்லையே, ஏன்?
*— வாசகர், கரூர்*

மாலை 6 மணி என்று அழைப்பிதழில் போட்டு 7 மணிக்குத் தொடங்குகிறார்கள். வேலையிலிருந்து நேராக வந்து, முதல் உரையை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துபோன பெண்களை நான் அறிவேன். நானும் பல ஆண்டுகள் அப்படி எழுந்துபோனவள். ஆர்வம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். ஞாயிறு காலை பத்தரைக்கு வைத்துப் பாருங்கள். கழிப்பறை இருக்கும் இடமாகவும் பாருங்கள்.

எங்கள் ஊரில் கதை வாசிப்புக் கூட்டம் தொடங்க ஆசை. மண்டபத்துக்குப் பணமில்லை. எப்படித் தொடங்குவது?
*— வாசகி, அந்தியூர்*

நூலகரைப் போய்ப் பாருங்கள். மாதம் ஒரு கூட்டம், ஒரு கதை, எழுதியவரே வாசிப்பது என்று சொல்லுங்கள். முப்பது பேருக்கு மைக் தேவையில்லை. பிளெக்ஸ் பேனரும் பொன்னாடையும் வேண்டாம். அந்தப் பணத்தில் அந்த எழுத்தாளரின் புத்தகம் இரண்டு வாங்கி நூலகத்துக்குக் கொடுங்கள். கதை முடிந்ததும் உடனே கருத்துச் சொல்லும்படி யாரையும் அவசரப்படுத்தாதீர்கள். தேநீர் கொடுங்கள். தேநீர் குடிக்கும்போதுதான் ஆட்கள் உண்மையைச் சொல்கிறார்கள்.

முதல் கூட்டத்துக்கு வேறு யாரும் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன். புதிய கதை ஒன்று எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் யார் காதிலும் விழாதது. வெற்றிலைக் கொடிக்கால் பற்றியது. கொடிக்காலில் வேலை செய்தவர் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் அவரையும் அழைத்து முன்வரிசையில் உட்காரவையுங்கள்.