ஒரு இன்ஜினா, இரண்டு இன்ஜினா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்தாள். எட்டாம் வகுப்பிலிருந்தே பைலட் ஆகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பவள். மெடிக்கல் முடிந்துவிட்டது. இரண்டு பயிற்சிப் பள்ளிகளில் விசாரித்தோம். ஒன்றில் பறக்கவேண்டிய 200 மணி நேரத்தில் 185 மணி சிங்கிள் இன்ஜின், 15 மணி ட்வின் இன்ஜின் என்கிறார்கள். இன்னொன்றில் 50 மணி ட்வின் தருகிறோம், ஏர்லைன்ஸில் அதற்கு மதிப்பு அதிகம் என்கிறார்கள். கட்டணமும் மிக அதிகம். தோட்டத்தை அடமானம் வைத்துத்தான் கட்டவேண்டும். ஆனால் ஒரு இன்ஜின் நின்றாலும் இன்னொன்று இருக்கிறதே, பிள்ளைக்கு அதுதான் பாதுகாப்பு என்கிறார் என் மனைவி. என்ன செய்யலாம்?

ஒரு வாசகர், பெருந்துறை

அன்புள்ள நண்பருக்கு,

185க்கு 15 என்று சொல்லும் பள்ளியில் சேருங்கள். தோட்டத்தின் பேரில் வாங்கும் கடனைக் கூடுதல் ட்வின் மணிகளில் போடவேண்டாம்.

உங்கள் மனைவியின் கேள்விக்கு முதலில் வருகிறேன். பைப்பர் செனெகா போன்ற ஒரு பயிற்சி ட்வினில் ஒரு இன்ஜின் நின்றால் சக்தி பாதியாகும். மேலேறும் திறனோ ஏறக்குறைய 80 சதவீதம் போய்விடும். கீழே இறங்காமல் பறப்பதற்கே சக்தியில் பெரும்பங்கு செலவாகிறது, மிஞ்சுவதுதான் விமானத்தை மேலே ஏற்றுகிறது. அந்த மிச்சம்தான் அடிபடும். ஏர்பஸ் 320 போன்ற பயணிகள் விமானம் டேக்-ஆஃப் ஓட்டத்தில் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டிய பிறகு ஒரு இன்ஜின் நின்றாலும் மற்றதை வைத்து ஏறியாக வேண்டும் என்பது அதன் சான்றிதழுக்கே நிபந்தனை. சிறிய ட்வின்கள் பலவற்றுக்கு அந்த நிபந்தனை கிடையாது. மே மாத மதிய வெயிலில் முழு எடையோடு கிளம்பியது ஏறாமலே போகலாம்.

இன்னொன்றும் உண்டு. விமானத்தின் மூக்கு, நின்றுபோன இன்ஜின் இருக்கும் பக்கம் இழுக்கும். உடனே எதிர்ப்பக்கக் காலால் ரடரை, அதாவது மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் தகட்டின் பெடலை, மிதிக்கவேண்டும். நின்ற ப்ரொப்பெல்லரின் தகடுகளைக் காற்றின் திசைக்கு நேராகத் திருப்பவேண்டும், ஃபெதர் செய்வது என்பார்கள். வேகமானியில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். வேகம் அதற்குக் கீழே போனால் ரடரை முழுதாக மிதித்தாலும் போதாது, ஓடுகிற இன்ஜினே விமானத்தைக் கவிழ்த்துவிடும்.

செனெகாவில் என் இன்ஸ்ட்ரக்டர் சொல்லாமல் ஒரு இன்ஜினின் த்ராட்டிலை (சக்தியைக் கூட்டிக் குறைக்கும் லீவரை) இழுத்துச் சக்தியைக் குறைத்த முதல் நாள் நான் தவறான காலைத்தான் மிதித்தேன். 4,000 அடி உயரம் இருந்ததால் திருத்த நேரம் கிடைத்தது. அப்போது எனக்கு 180 மணி நேர அனுபவம் இருந்தது. தரைக்குப் பக்கத்தில் நடந்திருந்தால் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

செஸ்னா 172 போன்ற சிங்கிள் இன்ஜின் பயிற்சி விமானத்தில் இன்ஜின் நின்றால் மூக்கைத் தாழ்த்தி ஏறக்குறைய 68 நாட் வேகத்தில் மிதக்கவிட்டு இறங்க இடம் பார்க்கவேண்டும். 1,000 அடி உயரம் இருந்தால் ஏறக்குறைய ஒன்றரை கடல் மைல் போகலாம். அதற்குள் காற்று எந்தப் பக்கம், எந்த வயல் நீளம், எங்கே மின்கம்பி என்று முடிவெடுப்பது நிறைய தனியாகப் பறந்து வருகிற பழக்கம். லைசென்ஸ் தரும் அரசு அமைப்பான டிஜிசிஏ கேட்கும் 200 மணியில் 100 மணி உங்கள் மகளே பைலட்-இன்-கமாண்டாக, அதாவது விமானத்துக்குப் பொறுப்பான பைலட்டாக, ஓட்டியிருக்க வேண்டும். பக்கக் காற்றில் தரையிறக்குவது, தனியாக வெளியூர் போய்த் திரும்புவது எல்லாம் அந்த மணிகளில்தான் கைக்கு வரும். இதற்குச் சிங்கிள் போதும். ட்வினில் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு மடங்குக்கும் மேலே கேட்பார்கள், எரிபொருளும் பராமரிப்பும் அப்படி.

ஏர்லைன்ஸ் பொதுவாகக் கேட்பது லைசென்ஸில் மல்டி இன்ஜின் தகுதியும், வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே ஓட்டுவதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும். அதற்கு 15 மணி போதும், ஒழுங்காக நடந்தால். பாதி மணியை வெறும் சுற்றுப் பறப்பில் கழித்துவிடக் கூடாது. ஒரு இன்ஜினை அணைத்து ஃபெதர் செய்து திரும்ப ஓடவைப்பது, ஒற்றை இன்ஜினில் கருவிகளை மட்டும் பார்த்து இறங்கி வருவது, இவையெல்லாம் பாடத்திட்டத்தில் உண்டா என்று கேளுங்கள். எந்த ட்வின் என்றும் கேளுங்கள். டைமண்ட் டிஏ42 என்றால் இன்ஜினுக்கு ஒரே லீவர், மற்றதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். செனெகாவில் மொத்தம் ஆறு லீவர்கள். எதில் படித்தாலும் சரி, ஆனால் கால் பழக்கம் வரவேண்டும்.

அப்புறம், ஒரு வேலைநாளில் முன்னறிவிப்பில்லாமல் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். பல இடங்களில் ட்வின் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அது பழுதாகி ஹேங்கரில் நின்றால் பிள்ளைகள் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள், கற்றதும் கை விட்டுப்போகும். அங்கே இப்போது படிக்கிற பிள்ளைகளிடம் கடைசியாக எப்போது ட்வினில் பறந்தீர்கள் என்று கேளுங்கள். ட்வினுக்கான தொகையை மட்டும் முன்கூட்டியே கட்டாமல், மகள் அந்தக் கட்டத்துக்கு வரும்போது கட்டுகிறோம் என்று எழுத்தில் வாங்கப் பாருங்கள்.