வேலை நாட்களில் நேரத்தைத் தின்னும் விஷயங்களை எப்படிச் சமாளிப்பது?

செய்ய வேண்டிய வேலையிலிருந்து நம்மை இழுத்தெடுத்து, பதிலுக்கு ஒன்றும் தராத எதுவும் நேரத்தைத் தின்பதுதான்: இழுபடும் கூட்டம், கந்தோர் வாட்ஸ்அப் குழு, "ஒரு நிமிஷம் கதைக்கலாமா?" என்று மேசையடிக்கு வரும் நண்பர்.

தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சில நிமிஷங்கள்தான். பிறகேன் நாள் கரைகிறது? வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குப் போனாலும் மனதின் ஒரு பங்கு பழையதிலேயே நிற்கும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதற்குக் 'கவன எச்சம்' என்று பெயர் வைத்தார்.

பாணந்துறையிலிருந்து கொழும்பு புறக்கோட்டைக்குப் போகும் 100ஆம் இலக்க பஸ்ஸை நினையுங்கள். வெள்ளவத்தையில் ஒருவர் இறங்கச் சில விநாடிதான். ஆனால் வேகம் குறைத்து, ஓரம் கட்டி, மறுபடி வீதி நெரிசலுக்குள் மூக்கை நுழைத்து வேகம் பிடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

ஆகவே நிறுத்தங்களைக் குறையுங்கள். நான் வாட்ஸ்அப்பை 11 மணிக்கும் 3 மணிக்கும்தான் திறப்பேன். அவசரமென்றால் கோல் எடுப்பார்கள், அப்படி எடுப்பவர்கள் மிகக் குறைவு. கதைக்க வருபவரிடம் "பிளேன்டீ குடிக்கும்போது கதைப்போமா?" என்றால் யாரும் கோபிப்பதில்லை. எழும்ப வேண்டியே வந்தால், அடுத்து செய்யவிருந்ததை ஒரு துண்டில் ஒரு வரி எழுதிவிட்டு எழும்புங்கள். கூட்டங்கள் மேலாளர் கையில், அதை விடுவோம்.

பலர் ஓய்வையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். அது பிழை, எழும்பி நடந்து ஒரு தேத்தண்ணி குடிப்பதால் வேலைநேரம் வீணாவதில்லை.