பட்டறை மண்ணு – வாசகர் கடிதமும் பதிலும்

அண்ணனுக்கு வணக்கம்,

நான் சேலம். செவ்வாய்ப்பேட்டை பக்கம் சின்னதா கொலுசுப் பட்டறை வச்சிருக்கேன், நாலு பேரு வேலை பாக்கறாங்க. வயசு 34. போன மாசம் நீங்க போன் ஒட்டுக்கேக்கறது பத்தி எழுதினதைப் படிச்சேன். எழுத்து நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா இதெல்லாம் பெரிய மனுசங்க பிரச்சனைண்ணா. என் போனைத் திறந்து பாத்தா என்ன இருக்கும், குட் மார்னிங் மெசேஜு, பார்ட்டி அனுப்பின கொலுசு டிசைனு, வீட்டுல பால் பாக்கெட் வாங்கிட்டு வரச்சொன்ன ஆடியோ. எவன் பாத்தா எனக்கென்ன?

இன்னொண்ணு, போன வருசம் எங்க பட்டறையில ரெண்டு கிலோ வெள்ளி காணாமப் போச்சு. கேமராவும் செல்போன் டவரும் இல்லைன்னா எடுத்தவனைப் பிடிச்சே இருக்க முடியாது. கம்பெனிக்காரன் நம்மளப் பாக்கறான்னா ஓசியில ஆப் குடுக்கறான், பாத்துட்டுப் போறான். போலீஸ் பாக்குதுன்னா நம்ம பாதுகாப்புக்குத்தான். தப்பு பண்ணவன்தானே பயப்படணும்? மறைக்க எதுவும் இல்லாதவனையும் சேத்து நீங்க பயமுறுத்தற மாதிரி எனக்குப் படுது. தப்பா நினைக்காதீங்க.

(பேரு மட்டும் போடாதீங்கண்ணா. தொழில் பண்ற இடம், ஜிஎஸ்டி ஆபீஸ்காரங்க, கட்சிக்காரங்க எல்லாம் படிப்பாங்க.)

*

வணக்கம் தம்பி,

பேரு போடல. கவலைப்படாதீங்க. செவ்வாய்ப்பேட்டையில கொலுசுப் பட்டறை வச்சிருக்கற ஆளைத் தேடணும்னா சந்து சந்தா நுழையணும், அவ்வளவு பேரு இருக்கீங்க. ஆனா மறைக்க எதுவுமில்லைன்னு ஒரு பக்கத்துக்கு எழுதிட்டு கடைசியில பேரை மறைங்கன்னு கேட்டிருக்கீங்க பாருங்க, அதைப் படிச்சு கொஞ்ச நேரம் சிரிச்சிட்டு இருந்தேன். கிண்டல் இல்ல. நீங்க தப்பு எதுவும் பண்ணல, ஆனாலும் பேரு வெளிய வந்தா யாரோ ஒருத்தர் அதை வச்சு உங்களை என்னமோ பண்ணலாம்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் கட்டுரையில நாலு பக்கம் வளவளன்னு சொன்னதை நீங்க அடைப்புக்குறிக்குள்ள சொல்லிட்டீங்க.

என் கதை ஒண்ணு சொல்றேன், இது வரைக்கும் எழுதினதில்ல, எழுத வெக்கமா இருந்துச்சு.

2018 ஜூன். சேலம் – சென்னை எட்டு வழிச்சாலை, 277 கிலோமீட்டர், 10,000 கோடின்னு நம்ம ஊரே கொதிச்சிட்டு இருந்த நேரம். அச்சாங்குட்டப்பட்டி, குப்பனூர், குள்ளம்பட்டின்னு ஒவ்வொரு ஊரா போலீஸ் பாதுகாப்போட வந்து தோப்புக்குள்ள கல்லு நட்டாங்க, பாட்டிங்க கல்லைப் பிடிச்சிட்டு அழுத வீடியோவெல்லாம் நீங்களும் பாத்திருப்பீங்க. அந்த மாசத்துலதான் எதிர்த்துப் பேசினாங்கன்னு சூழலியல்காரர் பியூஷ் மானுஷ், நடிகர் மன்சூர் அலிகான் எல்லாம் கைது. அதுக்கு முந்தின வருசம் 2017 ஜூலையில இதே சேலத்துல துண்டு நோட்டீஸ் குடுத்த ஒரு மாணவி மேல குண்டர் சட்டமே பாஞ்சுது, செப்டம்பர்ல ஹைகோர்ட்டு ரத்து பண்ணுச்சு, ஆனா உள்ள இருந்த நாளை யாரு திருப்பிக் குடுப்பா. சரி, நான் என்ன பண்ணேன்னா ஒண்ணுமே பண்ணல, ஒரு நாள் சாயங்காலம் வண்டியை எடுத்துட்டு குப்பனூர் பக்கம் போயி ரெண்டு விவசாயிங்ககிட்ட பேசிட்டு ரோட்டோரக் கடையில டீயும் ஒரு தட்டுவடை செட்டும் சாப்பிட்டு வந்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில ஒரு போனு. ரொம்ப மரியாதையான குரலு. எந்த டிபார்ட்மென்டுன்னு கடைசி வரைக்கும் சொல்லல. "சார் நேத்து குப்பனூர் வந்திருந்தீங்க போல, தட்டுவடை நல்லா இருந்துச்சா" அப்படின்னார். மிரட்டல. திட்டல. "சும்மாதான் சார், நம்ம எழுத்தாளராச்சேன்னு விசாரிச்சேன்"னு வச்சிட்டார். யாரோ பாத்துச் சொன்னாங்களா, போன் சிக்னலை வச்சுத் தெரிஞ்சுதா, எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அடுத்த வாரம் அந்த ஊர்ப் பையன் ஒருத்தன் போன் பண்ணி சின்னதா கூட்டம் போடறோம், வந்து நாலு வார்த்தை பேசுங்கண்ணான்னு கேட்டான். எனக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டேன். காய்ச்சல் எல்லாம் இல்ல. அன்னைக்கு சாயங்காலம் ஏற்காடு அடிவாரம் வரைக்கும் வாக்கிங் போயிட்டு வந்தேன்.

மறைக்க எதுவுமே இல்லாத ஆளு தம்பி நான். அந்த ஒரு போனுக்கு அப்புறம்தான் எனக்கு மறைக்க ஒரு பொய்யி கிடைச்சுது.

அந்த எட்டு வழிச்சாலைக்கு நிலம் எடுக்கறதை எதிர்த்துப் போட்ட வழக்கு 2019 ஏப்ரல் 8ல சென்னை ஹைகோர்ட்டுல விவசாயிங்க பக்கம் ஜெயிச்சுது, 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு புதுசா அறிவிப்பு குடுத்து நிலம் எடுத்துக்கலாம்னு சொல்லிடுச்சு. ஒரு தீர்ப்பு பிடிக்கலைன்னா அப்பீல் போகலாம். எனக்கு வந்த போனுக்கு எந்தக் கோர்ட்டுல அப்பீல் போறது? உத்தரவே இல்லையே. தட்டுவடை நல்லா இருந்துச்சான்னு கேக்கறது எந்தச் சட்டத்துல குத்தம்?

இப்ப உங்க பால் பாக்கெட் மெசேஜுக்கு வர்றேன். உங்க தொழில்ல இருந்தே கேக்கறேன். பட்டறையில சாயங்காலம் கூட்டற மண்ணை நீங்க குப்பையில கொட்டுவீங்களா? மாட்டீங்க. கை கழுவற தண்ணி அடியில தங்கற மண்டி வரைக்கும் சேத்து வச்சு வித்துடுவீங்க, வாங்கறவன் உருக்கி வெள்ளி எடுப்பான். பாக்கறவனுக்கு அது மண்ணு. ஒரு சிட்டிகையில ஒண்ணும் தெரியாது, ஒரு வருச மண்ணுல கிலோக்கணக்குல இருக்கும். போனும் அப்படித்தான். நீங்க என்ன பேசினீங்கன்னு எவனும் உக்காந்து கேக்க வேண்டாம். யாருக்குப் போட்டீங்க, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்த டவர்ல இருந்து – அந்தக் கூட்டின மண்ணு போதும். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு டாக்டருக்கு, மறுநாள் ஒரு ஸ்கேன் சென்டருக்கு, அதுக்கு மறுநாள் ஒரு வட்டிக்காரருக்கு. பேச்சைக் கேக்காமலே கதை தெரிஞ்சிருச்சா இல்லையா?

2013 ஜூன்ல எட்வர்ட் ஸ்நோடன் வெளிய விட்ட முதல் விசயமே இந்த மண்ணுதான். அமெரிக்காவுல வெரிசான்னு பெரிய டெலிபோன் கம்பெனி, அவங்க வழியா நடக்கற அத்தனை அழைப்போட விவரத்தையும் தினமும் என்எஸ்ஏங்கற உளவு அமைப்புக்குக் குடுக்கணும்னு ரகசியக் கோர்ட்டு உத்தரவு. தீவிரவாதி சந்தேகக்காரன்னு எல்லாம் இல்ல, எல்லாருடையதும், பால் பாக்கெட் வாங்கறவனோடதும். வெறும் நம்பருதானே அப்படின்னு அரசாங்கம் சமாதானம் சொல்லுச்சு. ஆனா அதே என்எஸ்ஏவுக்கும் சிஐஏவுக்கும் தலைவரா இருந்த மைக்கேல் ஹேடன் 2014ல ஒரு மேடையில, அந்த நம்பர் விவரத்தை வச்சுத்தான் நாங்க ஆளுங்களைக் கொல்றோம்னு ஒத்துக்கிட்டார். ஸ்நோடன் அரசு ஊழியர்கூட இல்ல, ஒரு தனியார் கம்பெனி மூலமா அங்க வேலைக்குப் போன ஆளு, உளவு பாக்கறதையே காண்ட்ராக்ட் விட்டிருக்காங்க. அந்தத் திட்டம் சட்டவிரோதம்னு அவங்க ஊரு அப்பீல் கோர்ட்டே 2020ல சொல்லிடுச்சு, அதை வெளிய சொன்ன ஸ்நோடன் மட்டும் ரஷ்யாவுலயே தங்கி 2022ல அந்த ஊரு குடிமகன் ஆயிட்டார்.

கம்பெனி வேற அரசாங்கம் வேறன்னு நீங்க எழுதியிருக்கீங்க, அங்கதான் நான் உங்ககூட முழுசா முரண்படறேன். இன்டர்நெட் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இந்தக் கூட்டு இருக்கு. 1945ல இருந்து 1975 வரைக்கும், முப்பது வருசம், அமெரிக்காவுல மூணு பெரிய தந்திக் கம்பெனிங்க வெளிநாட்டுக்குப் போற வர்ற தந்தியோட நகலை உளவு அமைப்புக்குக் குடுத்துட்டே இருந்தாங்க. ஷாம்ராக்னு அதுக்குப் பேரு. எந்த வாரண்டும் இல்ல. தந்தி அடிச்சவன் காசும் கட்டினான். அதுக்கப்புறம் 2006ல மார்க் கிளைன்னு ஏடி அண்டு டி கம்பெனியில வேலை பாத்து ஓய்வான டெக்னீசியன் ஒருத்தர் வந்து, சான் பிரான்சிஸ்கோ கட்டடத்துல 641ஏன்னு ஒரு ரூம் இருக்கு, இன்டர்நெட் கேபிளை அங்க பிரிச்சு என்எஸ்ஏவுக்கு ஒரு கிளை போகுதுன்னு போட்டு உடைச்சார். மக்கள் கம்பெனி மேல கேஸ் போட்டாங்க. 2008ல அமெரிக்க நாடாளுமன்றத்துல சட்டம் போட்டு, அரசுக்கு உதவின டெலிபோன் கம்பெனிங்களை பழசுக்கும் சேத்து கேஸ்ல இருந்து காப்பாத்திட்டாங்க. திருடனுக்குப் பூட்டைத் திறந்து விட்ட வாட்ச்மேனுக்கு முன்தேதி போட்டு மன்னிப்புக் கடிதம். கம்பெனிக்கு லத்தி கிடையாது, அரசாங்கத்துக்கு இவ்வளவு மண்ணைக் கூட்டறதுக்கு ஆளு கிடையாது. ஒருத்தர்கிட்ட இல்லாதது இன்னொருத்தர்கிட்ட இருக்கு, அதான் அவங்களுக்குள்ள சண்டையே வர்றதில்ல (வந்தாலும் டிவிக்காக வர்றதுன்னு எனக்கு ஒரு சந்தேகம்).

நம்ம நாட்டுக் கதை. போனை ஒட்டுக்கேக்க ரொம்ப காலம் அடிப்படையா இருந்தது 1885ல வெள்ளக்காரன் போட்ட தந்திச் சட்டம். 1996ல சுப்ரீம் கோர்ட்டு இது இஷ்டத்துக்குப் பண்ற வேலையில்ல, உள்துறைச் செயலாளர் உத்தரவு வேணும், அதை ஒரு கமிட்டி பாக்கணும்னு விதி வகுத்துச்சு. நல்லதுதான், ஆனா உத்தரவு போடறவரும் அதிகாரி, அதைச் சரிபாக்கற கமிட்டியும் அதிகாரிங்க, ஜட்ஜ் எங்கயும் கிடையாது. 2023ல புதுச் சட்டம் வந்தும் அந்தக் கட்டமைப்பு அப்படியேதான் இருக்கு. உங்க பட்டறையில எடை போடறவனே கணக்கும் எழுதி அவனே தணிக்கையும் பண்ணா விடுவீங்களா? 2025 ஜூலையில சென்னை ஹைகோர்ட்டு ஒரு வழக்குல, 2011ல போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவைத் தூக்கி எறிஞ்சுது. பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு ரெண்டுல ஒண்ணு இருந்தாத்தான் கேக்க முடியும், சாதாரணக் குத்தத்தைத் துப்புத் துலக்கறதுக்கு இதை எடுக்கக்கூடாதுன்னு தெளிவா சொல்லுச்சு, கேட்டதை மறுஆய்வுக் கமிட்டி முன்னாடி வைக்கவே இல்லைங்கறதும் அப்பதான் தெரிஞ்சுது. பதினாலு வருசம் கழிச்சு. அதுவும் ஹைகோர்ட்டு வரைக்கும் போக வசதி இருக்கறவருக்கு.

போனுக்குள்ள புகுந்து வேவு பாக்கற பெகாசஸ்ங்கற உளவு நிரல் விசயத்துல சுப்ரீம் கோர்ட்டே கமிட்டி போட்டுச்சு, 29 போனைப் பாத்ததுல அஞ்சுல ஏதோ ஒரு உளவு நிரல் இருக்கு, அது பெகாசஸ்தானான்னு உறுதியா சொல்ல முடியலைன்னு 2022 ஆகஸ்ட்ல அறிக்கை. அரசாங்கம் ஒத்துழைக்கலைன்னு தலைமை நீதிபதியே கோர்ட்டுல சொன்னார். அப்புறம் என்ன பண்றது. ஐபின்னு நம்ம பேசறோமே, மத்திய அரசோட உள்நாட்டு உளவுத்துறை, 1887ல இருந்து வர்ற அமைப்பு, அதுக்குன்னு தனியா ஒரு சட்டமே இன்னைக்கு வரைக்கும் கிடையாது. டேட்டா பாதுகாப்புன்னு 2023ல சட்டம் கொண்டு வந்தாங்க, அதுலயும் அரசு தனக்கு வேண்டிய அமைப்புங்களுக்கு விலக்குக் குடுத்துக்கலாம்னு ஒரு பிரிவு.

தப்பு பண்ணவன்தானே பயப்படணும்னு கேட்டீங்க. எது தப்புன்னு நாளைக்கு மாறாதுன்னு யாரு சொன்னா? நம்ம ஊரு சென்ட்ரல் ஜெயில்ல 1950 பிப்ரவரி 11ம் தேதி 22 கம்யூனிஸ்ட் கைதிங்களைச் சுட்டுக் கொன்னாங்க. அரசியல் சட்டம் அமலுக்கு வந்து பதினாறே நாளு. பெரும்பாலும் மலபார் பக்கத்து விவசாய சங்க ஆளுங்க. சங்கத்துல பேரு குடுத்து சந்தா கட்டின அன்னைக்கு அதுல ஒருத்தருக்கும் மறைக்க எதுவும் இருந்திருக்காது. நான் அந்த ஜெயில் சுவரைத் தாண்டி பஸ்ஸுல போறப்ப எல்லாம் இது ஞாபகம் வரும், பக்கத்து சீட்டுல இருக்கறவங்ககிட்ட சொன்னா ஒரு மாதிரி பாப்பாங்க.

உங்க ரெண்டு கிலோ வெள்ளியை எடுத்தவன் பிடிபட்டதுல எனக்கு சந்தோசம், நிஜமா. நான் கேமராவே வேண்டாம் டவர் விவரமே வேண்டாம்னு சொல்ற ஆளில்ல. நீங்க புகார் குடுத்தீங்க, எஃப்ஐஆர் போட்டாங்க, ஒரு ஆளோட ஒரு நாள் விவரத்தைக் கேட்டு வாங்கினாங்க, கேட்டவர் கையெழுத்து ஃபைல்ல இருக்கு, நாளைக்கு அந்தத் திருடனோட வக்கீல் எழுந்து கேள்வி கேக்கலாம். அது ஒழுங்கான வேலை. அதே டவர் விவரத்தைத்தான் 2018ல மகாராஷ்டிரா தானேயில தனியார் துப்பறிவாளருங்க திருட்டுத்தனமா வாங்கி வித்து கைதானாங்க. புருசன் பொண்டாட்டியை வேவு பாக்கவெல்லாம் வாங்கியிருக்காங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் அந்தக் கையெழுத்து மட்டும்தான், அதைத்தான் நான் கேக்கறேன், வேற பெருசா எதுவும் கேக்கல.

ஓசி ஆப் பத்தி மட்டும் ஒண்ணு. எங்க தெருவுல டெய்லர் கடை வச்சிருக்கற ஒரு அம்மா அவசரத்துக்கு லோன் ஆப்ல 5,000 ரூபா வாங்கிட்டாங்க. போட்டப்பவே போன்ல இருக்கற எல்லா நம்பரையும் அது உருவிருக்கு. ஒரு தவணை தள்ளிப்போனதும் சம்பந்தி வீட்டுக்கும் துணி தைக்கக் குடுத்த டீச்சருக்கும் இவங்க போட்டோவைப் போட்டு திருடின்னு மெசேஜு. உங்க நம்பர் அவங்க போன்ல இருந்திருந்தா உங்களுக்கும் வந்திருக்கும், கொலுசு ஆர்டர் குடுத்திருந்தாங்கன்னா இருந்திருக்கும். இன்னைக்கே போன் செட்டிங்ஸ்ல பர்மிசன்ஸ்னு இருக்கற இடத்துக்குப் போயி கான்டாக்ட்ஸ், லொக்கேசன், மைக் மூணையும் எந்தெந்த ஆப்புக்குக் குடுத்து வச்சிருக்கீங்கன்னு ஒரு தடவை பாருங்க, டார்ச் லைட் ஆப்புக்கு உங்க பார்ட்டிங்க நம்பர் எதுக்கு.

அடுத்த வாரம் என் பேத்திக்குக் கொலுசு எடுக்க செவ்வாய்ப்பேட்டை வர்றேன், முடிஞ்சா உங்களையும் பாக்கறேன், இடத்தை மெயில்ல மட்டும் அனுப்புங்க. அந்தப் பட்டறை மண்ணு இப்ப என்ன விலைக்குப் போகுதுன்னும் எனக்குத் தெரிஞ்சுக்கணும், ரொம்ப நாளா யாரையாவது கேக்கணும்னு இருந்தேன்.