ஒட்டடை கட்டுகிறவரின் கதை

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் கானாடுகாத்தான் பக்கம். எங்கள் வீட்டை ஒரு பேய்ப்பட ஷூட்டிங்குக்குக் கொடுத்தோம். பங்காளிகள் எல்லோரும் சரி சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கழுவித் துடைத்த பட்டாலையில் (பெரிய கூடத்தில்) ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆட்கள் மண்ணைத் தூவினார்கள். சின்ன மின்விசிறியில் ரப்பர் பசையை ஊற்றிச் சுழலவிட்டு, தூணுக்குத் தூண் ஒட்டடை கட்டினார்கள். "படைப்புக் கும்பிடுகிற வீடுடா இது. செத்தவர்களுக்குப் புதுத்துணி வைத்துச் சோறு போடுகிறோம், அவர்கள் எதற்கு நம்மைப் பயமுறுத்தப் போகிறார்கள்?" என்று அப்பத்தா சண்டைக்கு வந்துவிட்டார்.

படம் வந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. 'தி டெக்சாஸ் செயின் சா மாசக்கர்' என்ற அமெரிக்கத் திகில் படத்தை எடுத்த விதம் பற்றிய ஆவணப்படத்தையும் இப்போது பார்த்தேன். எல்லாவற்றையும் இப்படிப் பிரித்துக் காட்டிவிட்டால் படத்தில் என்ன மிச்சம்? அப்புறம், தமிழில் இப்படி ஏன் ஒன்றுகூட இல்லை?

மெ. அ.

அன்புள்ள மெ. அ.,

அப்பத்தா பக்கம்தான் நியாயம். செட்டிநாட்டு வீடுகள் பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் பங்காளிகள் சென்னையிலும் மலேசியாவிலும் இருப்பது. சினிமாக்காரர்களுக்குப் பூட்டு ஒன்று போதும், பேயை அவர்களே கொண்டுவந்துவிடுவார்கள்.

ஆனால் ஒட்டடை கட்டுவதைப் பார்த்ததால் பயம் போய்விட்டது என்கிறீர்களே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் வீட்டில் எடுத்த படம் சுமாரான படமாக இருந்திருக்கும், அவ்வளவுதான். நல்ல படம் என்றால் ரகசியம் தெரிந்த பிறகும் பிடித்து உலுக்கும்.

நீங்கள் சொன்ன டெக்சாஸ் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டோப் ஹூப்பர் 1973 கோடையில் எடுத்து, 1974இல் வெளிவந்தது. நீங்கள் பார்த்தது டேவிட் கிரிகோரி 2000இல் எடுத்த 'தி ஷாக்கிங் ட்ரூத்' ஆக இருக்கும் என்று நினைக்கிறேன். கொலைகாரக் குடும்பம் கதாநாயகியைப் பிடித்துவைத்திருக்கும் சாப்பாட்டு மேசைக் காட்சியின் கதை இதுதான். அந்தக் குடும்பத்துக் கிழவராக நடித்தவருக்கு அப்போது வயது 20ஐ ஒட்டித்தான். மேக்கப் போடவே பல மணி நேரம் ஆனதால், இன்னொரு தடவை இதற்கு உட்கார முடியாது என்று சொல்லிவிட்டார். அதனால் ஒரு நாளுக்கும் மேலாக ஒரே மூச்சில் எடுத்தார்கள். இரவுக் காட்சி என்பதால் ஜன்னல்களில் கறுப்புத் துணி. உள்ளே விளக்குச் சூட்டில் மேசைமேல் இருந்த இறைச்சி அழுகி நாறியது. ஆட்கள் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடி நின்றார்கள். முகமூடி போட்ட கொலைகாரனாக நடித்த குன்னர் ஹான்சனுக்கு ஒரே ஒரு உடைதான். துவைத்தால் சாயம் போய்விடும் என்று கடைசிவரை துவைக்கவில்லை. கதாநாயகி மேரிலின் பர்ன்ஸின் விரலைக் கீறும் ஷாட்டில் போலி ரத்தம் வரவேண்டிய குழாய் அடைத்துக்கொண்டே இருக்க, பொறுமை போய் நிஜமாகவே கீறிவிட்டார் ஹான்சன்.

இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியை மறுபடி பாருங்கள். அந்தப் பெண் அலறுவதில் எது நடிப்பு, எது நிஜம்? முன்பு பயமாக இருந்தது, இப்போது வயிற்றைப் பிசைகிறது. முகமூடிக்காரனை விட, படம் முடிந்தால் போதும் என்று மனிதர்களைக் கசக்கிய அந்த வேலைமுறைதான் எனக்குப் பெரிய திகில். ஒரு நல்ல ஆவணப்படம் இதைத்தான் சொல்ல வேண்டும்.

எல்லாம் அப்படி இல்லை. 'எல்ம் ஸ்ட்ரீட்' திகில் பட வரிசையைப் பற்றிய ஆவணப்படம் (2010) நான்கு மணி நேரம். 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்' வரிசைக்கு வந்தது (2013) கிட்டத்தட்ட ஏழு மணி நேரம். சீமந்தத்துக்கு வந்த சொந்தக்காரர்கள்போல ஆளாளுக்கு வாழ்த்திவிட்டுப் போகிறார்கள். தீவிர ரசிகர்களுக்குச் சரி.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது 'பெஸ்ட் வர்ஸ்ட் மூவி' (2009). 'ட்ரோல் 2' என்ற மகா மோசமான படத்தில் சிறுவனாக நடித்த மைக்கேல் ஸ்டீஃபன்சன் வளர்ந்தபின் எடுத்தது. ட்ரோல் (ஒருவகைப் பூதம்) என்று பெயர், படத்தில் ஒரு ட்ரோல் கிடையாது. அதில் அப்பாவாக நடித்தவர் அலபாமாவில் பல் டாக்டர். படம் கேலியாகவே புகழ்பெற்றுவிட, மனிதர் உச்சிகுளிர்ந்து ஊர் ஊராகப் போகிறார். பிறகு ஒரு ரசிகர் மேளாவில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார், யாருக்கும் அவரைத் தெரியவில்லை. சிரிப்பு அவர் முகத்தைவிட்டு இறங்குவதைக் கேமரா விடாமல் பார்க்கிறது. 'ட்ரோல் 2' இயக்குநரோ இன்னமும் தன் படம் நல்ல படம் என்கிறார்!

கேமரா யார் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம். 'தி ஷைனிங்' என்ற திகில் படத்தின் படப்பிடிப்பை எடுத்தவர், அதன் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் சொந்த மகள் விவியன். அரைமணி நேரம்தான், ஆனால் அப்பா கதாநாயகி ஷெல்லி டுவாலைக் கடிந்துகொள்வதை மகள் மறைக்கவில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. நம் ஊரில் 'மேக்கிங் வீடியோ' என்றால் ஐந்து நிமிடம், ஹீரோ கயிற்றில் தொங்குவது, கடைசி நாள் கேக் வெட்டுவது. படத்தை விற்கிறவர்களே எடுப்பதால் அதில் யாருக்கும் காய்ச்சல்கூட வராது. முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' (1931) இன்று நம் கையில் இல்லை. படத்தையே காப்பாற்றாதவர்கள் அதை எடுத்த கதையையா காப்பாற்றப் போகிறார்கள்? உங்கள் பக்கத்திலேயே, தேவகோட்டை ரஸ்தாவில் ஏவி. மெய்யப்பன் ஸ்டுடியோ வைத்து 'நாம் இருவர்' (1947) எடுத்தார். அங்கே செட் போட்டவர்கள், லைட் தூக்கியவர்கள் சொன்ன கதைகள் அவர்களோடே போய்விட்டன.

எனவே நீங்களே தொடங்கலாம். இயக்குநர் பேட்டி வேண்டாம், அவர் எல்லா இடத்திலும் பேசிவிட்டார். ஒட்டடை கட்டியவரைப் பிடியுங்கள். ஷூட்டிங்குக்கு விடும் மற்ற வீடுகளின் வாட்ச்மேன்களையும், சாப்பாடு போட்டவர்களையும், உள்ளூர் புரொடக்‌ஷன் மேனேஜரையும் கேளுங்கள். என்ன கூலி, எத்தனை மணிக்கு விட்டார்கள், யாருக்கு அடிபட்டது, எந்த ஆத்தங்குடித் தரைக்கல் உடைந்தது, அதற்கு யார் பணம் கொடுத்தார்கள், எல்லாம் வேண்டும். போன் கேமரா போதும். மைக் மட்டும் கொஞ்சம் நல்லதாக வாங்கிக்கொள்ளுங்கள். முற்றத்தில் உட்கார வைத்துப் பேட்டி எடுக்காதீர்கள், எதிரொலியில் பாதி வார்த்தை புரியாது.