கடை ஜூஸ்ல ஈஸ்ட் போட்டும் ஏன் நுரைக்கல?

கடையில வாங்குன திராட்சை ஜூஸ்ல ஒயின் போட்டுப் பாக்கலாம்னு ஈஸ்ட் போட்டு நாலு நாளாச்சு, ஒரு குமிழி கூட வரலன்னு கேட்டிருக்கீயளே தம்பி, மொதல்ல பாட்டில் லேபிள பாருங்க, 202 இல்லன்னா 211னு போட்டிருந்தா அது ஜூஸ் கெடாம இருக்கப் போடுத பொட்டாசியம் சார்பேட், சோடியம் பென்சோவேட், ஈஸ்ட்ட பெருக விடாது. நம்ம உடன்குடி பக்கம் பனையேறுதவங்க கலயத்துல சுண்ணாம்பு தடவுதாங்கல்லா, அதுக்கும் இதேதான் காரணம், தடவுனா பதனி, தடவாட்டி கொஞ்ச நேரத்துலயே புளிச்சி கள்ளாயிரும். ஆனா வழிதான் வேற, சுண்ணாம்பு புளிப்புக்கு எதிரான காரத்தன்மையால தடுக்கும், பென்சோவேட்டு புளிப்பு இருந்தாத்தான் வேல செய்யும், எத்தன அழகான விஷயம் பாருங்க!

லேபிள்ல அதெல்லாம் இல்லாத ஜூஸ்னா ஈஸ்ட் சர்க்கரையத் தின்னு ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் விடும், மூடிய இறுக்கிட்டா பாட்டிலே வெடிச்சிரும். தமிழ்நாட்டுல லைசென்ஸ் இல்லாம ஒயின் போடுதது 1937 மதுவிலக்குச் சட்டப்படி குத்தம், அதனால ஒரு டம்ளர்ல நுரைக்கான்னு பாத்துட்டு கீழ ஊத்திருங்க.