டர்பனுக்கு மிஷன் பயணம் வரும் வாலிபர்களுக்கு: கேள்வி பதில்

தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்தில் பிறந்து, கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து, இங்கே நர்ஸ் வேலை பார்ப்பவள் நான். தமிழ்நாடு, இலங்கை, மலேசியாவிலிருந்து வாலிபர் குழுக்கள் எங்கள் சபைக்கு வந்து ஒன்றிரண்டு வாரம் ஊழியம் செய்துவிட்டுப் போவது வழக்கம். அவர்களைத் தங்கவைப்பதும், டர்பனை ஒட்டிய இனாண்டா, குவாமாஷு பக்கத்தில் ஜூலு என்ற கறுப்பின மக்களின் சபைகளோடு சேர்த்துவிடுவதும் என் பொறுப்பு. வர நினைப்பவர்களைக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்குப் பதில் இதோ.

தூத்துக்குடி, வாலிபர் ஐக்கியச் செயலாளர்: தோத்திரம் அக்கா. மே மாதம் இரண்டு வாரம் வருகிறோம். விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்த 100 பிள்ளைகளைச் சேர்த்துத் தர முடியுமா?

தோத்திரம் தம்பி. மே உங்களுக்குத்தான் விடுமுறை, இங்கே பள்ளிக்கூடம் மும்முரமாக நடக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு லீவு ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலையில் சில வாரம் வரை. முடிந்தால் அப்போது வாருங்கள். மே மாதம்தான் தோதுப்படும் என்றால் திட்டத்தை மாற்றுங்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலையில் இரண்டு மணி நேரம், அப்புறம் சனிக்கிழமை.

100 பிள்ளைகளைக் கேட்காதீர்கள், 15 பேரைக் கேளுங்கள். காரணம் சொல்கிறேன். இங்கே ஜூலு பிள்ளைகள் பெரும்பாலும் மூன்றாம் வகுப்புவரை தாய்மொழியில் படித்துவிட்டு நான்காம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு மாறுவதே நெடுநாள் வழக்கம். அங்கேதான் கால் இடறுகிறது. 2021-ல் நடந்த பன்னாட்டு வாசிப்புத் தேர்வில் இந்த நாட்டு நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்கு, வாசித்ததன் பொருள் பிடிபடவில்லை. ஒரு குழுவில் வந்த கல்லூரித் தங்கச்சி ஒருத்தி மேடையே ஏறவில்லை. வாரம் முழுக்கச் சபை வாசல் படியில் இரண்டு பையன்களை அணைத்து உட்காரவைத்து ஒரே கதைப் புத்தகத்தை வாசித்தாள். முதல் நாள் அவள் விரல் வரிக்கு அடியில் நகர்ந்தது, வெள்ளிக்கிழமை அவர்கள் விரல். பாட்டும் ஆக்‌ஷனும் வேண்டாம் என்று சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு அது கொள்ளைப் பிரியம். ஆனால் 100 பேர் முன்னால் மைக் பிடிப்பதைவிட இது இங்கே அதிகம் தேவைப்படுகிறது.

மதுரை: நாங்கள் 12 பையன்கள். ஆலயத்துக்கு வெள்ளையடிப்பது, சுவர் கட்டுவது என்று உடலுழைப்பு வேலை கொடுங்கள் அக்கா.

மனசு நல்ல மனசு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இதை யோசித்துப் பாருங்கள். இந்த நாட்டில் 15 முதல் 34 வயதுவரை உள்ளவர்களில் வேலை தேடுகிற பத்துப் பேரில் நாலு பேருக்கு மேல் வேலை கிடைப்பதில்லை. நீங்கள் சுவர் பூசும்போது, அதே வயதுப் பையன்கள் வேலிக்கு அந்தப் பக்கம் கைகட்டி நின்று பார்ப்பார்கள். அவர்களில் கொத்து வேலை தெரிந்தவனும் இருப்பான். அந்தக் கூலியை அவனுக்குக் கொடுத்து, நீங்கள் அவனுக்குச் சிற்றாளாக நில்லுங்கள். கலவை குழைத்துக் கொடுங்கள், கல் எடுத்துக் கொடுங்கள். மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்போது வரும் பேச்சு வேறு எங்கேயும் வராது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த குவாஜூலு-நட்டால் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், ஆயிரக்கணக்கான வீடுகள் போயின. எந்த வேலை முதலில் என்பதை உள்ளூர்ப் பாஸ்டர் சொல்லட்டும். நாம் ஊரிலிருந்தே முடிவு செய்துகொண்டு வரக் கூடாது.

சென்னை, ஐடி ஊழியர்: விமான டிக்கெட் பணத்தை அப்படியே அனுப்பிவிட்டால் அதிகம் பிரயோஜனம் ஆகாதா?

வெறும் பொருளுதவிதான் நோக்கமென்றால் ஆகும். வராமல் அனுப்பிவிடுங்கள், தயங்காமல் சொல்கிறேன். 1903-ல் திருநெல்வேலிச் சபைகள் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டில் டோர்னக்கலுக்கு ஆள் அனுப்பின. போனவர்கள் மொழி கற்று அந்த ஜனங்களோடு குடியிருந்தார்கள். இரண்டு வாரப் பயணம் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் உங்கள் சபையையும் இங்கே உள்ள ஒரு சபையையும் பல வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டுகிற முதல் அடியாக இருக்க முடியும். அப்படி நினைத்து வருவதானால் டிக்கெட் போடுங்கள்.

நாகர்கோவில், ஒரு தாய்: மகளுக்கு 17 வயது. தென்னாப்பிரிக்கா என்றாலே பயமாக இருக்கிறது. அனுப்பலாமா?

உங்கள் பயம் நியாயமானதுதான் சகோதரி. குற்றங்கள் இங்கே அதிகம், மறைத்துப் பேச மாட்டேன். எங்கள் கட்டுப்பாடு இதுதான்: இருட்டியபின் நடந்து வெளியே போவதில்லை, தெருவில் போனைக் கையில் எடுப்பதில்லை, எங்கே போனாலும் சபை வேனில், உள்ளூர்ப் பெரியவர் ஒருவரோடு. பெண் பிள்ளைகளுக்குப் பொறுப்பாக ஒரு அக்கா கூடவே வர வேண்டும். அப்படி யாரும் வராத குழுவோடு மகளை அனுப்பாதீர்கள்.

அப்பா அம்மா இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ், இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் இரண்டையும் கையில் கொடுத்தனுப்புங்கள். விமானம் ஆப்பிரிக்காவில் வேறு நாடு வழியாக வந்தால், அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டுமா என்று பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு என்றால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். டர்பனில் மலேரியா பயம் இல்லை. மொசாம்பிக் எல்லையை ஒட்டிய வடக்குப் பகுதிக்குப் போவதானால் டாக்டரிடம் மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

கோயம்புத்தூர்: ஜூலு மொழியில் கைப்பிரதி அச்சடித்து வரலாமா? அவர்களுக்குச் சுவிசேஷம் எந்த அளவுக்குப் போயிருக்கிறது?

தம்பி, இந்த நாட்டு ஜனங்களில் பெரும்பான்மையோர் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்றே சொல்கிறார்கள். ஜூலு மொழியில் முழு வேதாகமம் 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. அவர்கள் ஆராதனையில் நாலு குரலில், வாத்தியமே இல்லாமல் எழும்புகிற பாட்டைக் கேட்டால் நாம்தான் வாயடைத்து நிற்போம். கற்றுக்கொடுக்க வருவதற்கு முன்னால் கற்றுக்கொள்ள உட்காருங்கள்.

சனிக்கிழமை வெள்ளை அங்கி போட்டு, செருப்பில்லாமல் வெட்டவெளியில் கூடுகிறவர்களைப் பார்ப்பீர்கள். ஏசாயா ஷெம்பே 1910 வாக்கில் தொடங்கிய நாசரேத் சபையார் அவர்கள். உபதேசத்தில் நமக்கு அவர்களோடு பெரிய வேறுபாடு உண்டு. அதைச் சாலையோரம் நின்று வாதாடித் தீர்க்க முடியாது, முயலவும் வேண்டாம்.

பெரியவர்களைக் கண்டால் "சனிபோனானி" என்று வணக்கம் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள். எதையும் இரண்டு கையால் வாங்குங்கள். சின்னப் பிள்ளை தலை குனிந்து பேசினால், அது நம் வீட்டில் போலவே மரியாதைதான்.

யாழ்ப்பாணம்: அக்கா, டர்பனில் இந்தியருக்கும் ஜூலு மக்களுக்கும் பிரச்சினை என்று கேள்விப்பட்டோம். எங்களை எப்படிப் பார்ப்பார்கள்?

இதைக் கேட்டதற்கு நன்றி. வருகிற குழுக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. நீங்கள் வாய் திறக்கும்வரை உங்களை டர்பன் இந்தியர் என்றுதான் நினைப்பார்கள். 2021 ஜூலை கலவரத்தில் நாடு முழுக்க 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்தியர் பெரும்பான்மையாக வாழும் பீனிக்ஸில் மட்டும் 30-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் கறுப்பின மக்கள். பீனிக்ஸும் இனாண்டாவும் பக்கத்துப் பக்கத்து ஊர். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் நீங்கள் பாடப் போகிற ஆலயத்தில் உட்கார்ந்திருக்கலாம். கடையைக் கொள்ளை கொடுத்தவர் உங்களைத் தங்கவைத்த வீட்டுக்காரராக இருக்கலாம்.

அதனால் "யார் பக்கம் தப்பு" என்று எந்தப் பக்கத்திலும் கேட்காதீர்கள். சொன்னால் கேளுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். போர் கண்ட மண்ணிலிருந்து வருகிறீர்கள், இது உங்களுக்குப் புரியும். காந்தி 1904-ல் அமைத்த பீனிக்ஸ் குடியிருப்பும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் முதல் தலைவர் ஜான் டூபே தொடங்கிய ஓலாங்கே பள்ளியும் இனாண்டாவில்தான் இருக்கின்றன. மண்டேலா 1994-ல் தன் முதல் ஓட்டைப் போட்டது அந்தப் பள்ளியில். முதல் நாளே இரண்டையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். அதற்குப் பிறகுதான் ஊழியம்.

திருச்சி: உடை, சாப்பாடு, சார்ஜர்?

ஜூலையில் பகலில் இதமான வெயில், ராத்திரி குளிர். ஒரு ஸ்வெட்டர் போதும், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் போனால் இரண்டு. பெண்கள் கிராமத்துச் சபைகளுக்கு நீளப் பாவாடையோ சுடிதாரோ போடலாம். சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், டர்பன் கறிக்காரம் நம் காரத்துக்குச் சளைத்ததல்ல. இங்கே உருண்டைக் கம்பி மூன்று உள்ள பெரிய பிளக். அடாப்டர் இங்கேயே வாங்கலாம்.

சேலம்: பிள்ளைகளோடு எடுத்த படங்களை இன்ஸ்டாகிராமில் போடலாமா? சபைக்குச் சாட்சி சொல்ல வேண்டுமே.

பிள்ளைகள் முகம் தெரிகிற படம் வேண்டாம். இந்த ஊர்களில் எச்.ஐ.வி.யால் தாய் தகப்பனை இழந்து, கோகோ என்று அவர்கள் அழைக்கிற பாட்டி வளர்ப்பில் இருக்கும் பிள்ளைகள் நிறைய. ஒரு படமும் அதற்குக் கீழே "அநாதைப் பிள்ளைகளோடு" என்ற வரியும் அந்தப் பிள்ளையின் பள்ளிக்கூடம்வரை போய்ச் சேரும். "உன் அப்பா எங்கே" என்ற கேள்வியும் கூடாது. 2005-ஆம் வருஷத்துச் சிறுவர் சட்டப்படி, பிள்ளைகளோடு வேலை செய்பவர் பெயர் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் தகுதியற்றோர் பட்டியலில் இருக்கிறதா என்று இங்கே உள்ள அமைப்புகள் பார்க்க வேண்டும். நீங்கள் ஊரிலிருந்து போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் எடுத்து வாருங்கள். எத்தனை பெரிய சபை சிபாரிசு செய்தாலும் அது இல்லாமல் பிள்ளைகள் வகுப்புக்குள் விட மாட்டேன்.

சாட்ஸ்வொர்த் (டர்பனில் இந்தியர் வாழும் பகுதி), குரல் செய்தியில் ஒரு ஆன்ட்டி: ரெண்டு பிள்ளைகளை என் வீட்டில் வெச்சுக்கிறேன். எனக்குத் தமிழ் அரைகுறைதான், பரவாயில்லையா?

ஆன்ட்டி, உங்கள் வீடுதான் அவர்களுக்கு முதல் பாடம். 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, கரும்புத் தோட்டம், அப்புறம் 1950-ஆம் வருஷத்து இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டது வரை உங்கள் தாத்தா, ஆயா சொன்ன கதைகளைச் சொல்லுங்கள், இங்கிலீஷிலேயே. சாயங்காலம் ஆயாவை நடுவில் உட்காரவைத்து ஒரு தமிழ்க் கீர்த்தனை பாடச் சொல்லுங்கள். பேசத் தெரியாதவர்களுக்கும் பாட்டு மனப்பாடமாக இருக்கிறது. வருகிற பிள்ளைகளுக்குச் சரணம் தெரியாமல் போவதுதான் நடக்கும்.

பாளையங்கோட்டை: ஊருக்குத் திரும்பியபின் என்ன செய்வது? விசாவுக்கு எப்போது எழுத வேண்டும்?

அடுத்த வருஷம் வேறு நாட்டுக்குப் போகத் திட்டம் போடாதீர்கள். இதே சபைக்கு, முடிந்தால் இதே ஆட்கள் சிலரோடு வாருங்கள். நடுவில் மாதம் ஒரு முறை வீடியோவில் சேர்ந்து ஜெபியுங்கள். இங்கே உள்ள இரண்டு வாலிபர்களை உங்கள் ஊருக்கு அழைத்துப் பேசவையுங்கள், அவர்கள் டிக்கெட்டுக்கும் காணிக்கை எடுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். சுற்றுலா என்று எழுதிவிட்டு ஊழியத்துக்கு வரக் கூடாது. என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை அழைப்புக் கடிதத்தில் உள்ளபடியே எழுதித் தருவோம், எந்த விசா என்று தூதரகத்தில் கேட்டு விண்ணப்பியுங்கள். பாஸ்போர்ட்டில் இரண்டு பக்கம் காலியாக இருக்கட்டும். ஜூலையில் வருகிறவர்கள் பெயர்ப் பட்டியலைப் பிப்ரவரிக்குள் அனுப்பினால் மார்ச்சில் கடிதம் கையில் இருக்கும்.